இழுப்பு அடங்கிய பிறகு மறுபடி ஏன் வருகிறது?

தூசு பட்டதும் வந்த ஆஸ்துமா இழுப்பு அடங்கிவிட்டது. தூசே இல்லாதபோதும் நான்கைந்து மணி நேரம் கழித்து மறுபடி வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் இழுப்புக்குக் காரணம் மூச்சுக்குழாயில் ஏற்கெனவே இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள். அவற்றில் ஒட்டியுள்ள ஐஜிஇ (IgE) என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருளில் தூசுப்பூச்சியின் புரதம் பட்டதும் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்கள் சில நிமிடங்களில் வெளியாகி, மூச்சுக்குழாயின் தசை இறுகுகிறது.

இரண்டாவது இழுப்பில் வெளியிலிருந்து அழைக்கப்பட்ட செல்களுக்குப் பெரும்பங்கு உண்டு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-5 என்ற தூதுப் புரதம், எலும்பு மஜ்ஜையில் இயோசினோபில்கள் என்ற வெள்ளணுக்களைப் பெருக்குகிறது. இன்டர்லூக்கின்-4, 13 இரண்டும் இரத்தக்குழாயின் உட்சுவரில் ஒட்டுப் புரதங்களைத் தோற்றுவிக்க, ஓடும் இயோசினோபில்கள் அங்கே பற்றி நிற்கின்றன. பிறகு சுவரின் இடுக்கு வழியே நுழைந்து, மோப்பம் பிடிப்பதுபோல், அவற்றை ஈர்க்கும் இயோடாக்சின் என்ற புரதம் மிகுந்த திசைக்கு நகர்கின்றன. அங்கே அவை உமிழும் புரதங்கள் மூச்சுக்குழாயின் உட்படலத்தைப் புண்ணாக்குகின்றன.

இழுப்பு வந்ததும் எடுக்கும் சால்புடமால் மருந்து தசையைத் தளர்த்தும். இந்த இடப்பெயர்வைத் தடுக்காது. அதைக் குறைப்பது இன்ஹேலர் ஸ்டீராய்டுதான். இழுப்பு இல்லை என்று அதைப் பாதியில் விடுபவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மெபோலிசுமாப் ஊசி, இன்டர்லூக்கின்-5ஐயே முடக்குகிறது. ஆஸ்துமாவில் அது இயோசினோபில் மிகுந்த கடும் வகைக்கே தரப்படுகிறது.