கேமராவில் மான் வந்தால் போதுமா?

கேள்வி: சுரங்கம் தோண்டி மூடிய இடத்தில் மரம் நட்டு ஐந்து வருடம் ஆகிறது. தானியங்கி கேமராவில் மான், நரி எல்லாம் பதிவாகின்றன. காட்டுயிர்கள் திரும்பிவிட்டன என்று அறிக்கையில் எழுதலாமா? – ஆய்வு மாணவி

பதில்: அவசரப்படாதீர்கள். நானும் ஒருமுறை அப்படி எழுதிவிட்டுப் பிறகு அசடு வழிந்தவன்தான். இரண்டு மாதத்தில் நாற்பது மான் படம் கிடைத்த சந்தோஷத்தில் 'நல்ல பயன்பாடு' என்று குறித்துவிட்டேன். ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது: எல்லாப் படத்திலும் மான் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரே திசையில் நடக்கிறது. ஒன்றில்கூடத் தலை குனிந்து மேயவில்லை, படுத்து அசைபோடவில்லை. நடவுக்கு அந்தப்பக்கம் பழைய குழியில் தண்ணீர் இருந்தது. மானுக்கு அது தண்ணீருக்குப் போகிற வழி, அவ்வளவுதான்.

அதனால் எண்ணிக்கையோடு, விலங்கு என்ன செய்கிறது என்பதையும் குறியுங்கள். பக்கத்தில் தோண்டப்படாத காட்டிலும் அதே நாட்களில் அதே எண்ணிக்கையில் கேமரா வையுங்கள். ஒரு சிக்கல் உண்டு: இளம் நடவு வெட்டவெளி, அங்கே கேமராவுக்குத் தூரம் தெரியும், அடர்ந்த புதரில் நாலடிக்கு அப்பால் தெரியாது. வெறும் எண்ணிக்கையை ஒப்பிட்டால் நடவுதான் ஜெயிக்கும். கூடவே தரையில் சிறு கட்டங்கள் போட்டு, கிடக்கிற புழுக்கையைச் சுத்தமாகப் பொறுக்கிவிட்டு, மாதம் கழித்துப் போய் எண்ணுங்கள். (கேமராவுக்கு முன்னால் இருக்கும் புல்லை அறுத்துவிடுங்கள். காற்றில் ஆடும் புல்லின் படங்கள் என்னிடம் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.)

அப்புறம் மண். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா மரக் காட்டில் பாக்சைட் (அலுமினியத் தாது) தோண்டுகிறார்கள். அங்கே விதைகளில் பெரும்பாலானவை மேல்மண்ணின் முதல் சில சென்டிமீட்டரிலேயே இருக்கின்றன. குவித்து வைத்தால் அவை வீணாகும் என்பதால், புதிதாக வழித்த மண்ணை முடிந்தவரை உடனே, வேலை முடிந்த இன்னொரு குழியில் பரப்புகிறார்கள். தொடக்கத்தில் பைன் மரமும் வெளியூர் யூகலிப்டஸும் நட்டவர்கள், 1988 முதல் அந்த மண்ணின் ஜாரா, மாரி மரங்களுக்கே திரும்பினார்கள். பத்து வருடத்துக்குள்ளேயே கறுப்புக் காக்கட்டூ கிளிகள் அந்த இளம் மரங்களில் இரை தேடுகின்றன. ஆனால் அவை முட்டையிடும் அளவுக்குப் பொந்து விழ, மரத்துக்கு நூறு வயது தாண்ட வேண்டும். உங்கள் நடவுக்கு வயது ஐந்து! அறிக்கையில் 'வந்து போகின்றன' என்று எழுதுங்கள், அது பொய்யில்லை. வெட்டிய கட்டைகளையும் பாறைகளையும் அங்கங்கே குவித்துப் போடச் சொல்லுங்கள், ஓணான், பல்லி, எலிக்காவது ஒதுங்க இடம் கிடைக்கும்.

கேள்வி: கேமராவுக்கு வசதியில்லை. வேறு வழி? – இன்னொரு வாசகர்

பதில்: இருக்கிறது. ஒரு மீட்டர் அகலத்துக்கு மணலைச் சலித்துப் பரப்பி, சாயங்காலம் பலகையால் சமன் செய்துவிட்டு வாருங்கள். விடியற்காலை, வெயில் சாய்வாக விழும்போதே போய்க் காலடித்தடத்தைப் படியுங்கள். உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது.