60 பேர் வேலை செய்யும் பட்டறையில் விபத்துகளைக் குறைக்க என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் கோவையில் ஒரு பட்டறையின் மேலாளர். கையுறை, கண்ணாடி, ஷூ எல்லாம் வாங்கிக் கொடுத்தாகிவிட்டது, சுவரெங்கும் வாசகங்கள் எழுதியாகிவிட்டது, இருந்தும் மாதம் ஒருவருக்காவது அடிபடுகிறது, ஆட்களுக்குக் கவனம் போதவில்லை, என்ன செய்யலாம் என்கிறார்.

நானும் கோவைதான். கணபதி, ஆவாரம்பாளையம் பகுதிகளிலுள்ள பட்டறைகளில் 23 ஆண்டுகள் இருந்திருக்கிறேன். பிரஸ் ஆபரேட்டராகச் சேர்ந்தவன், இன்று உலோகத்தை உருக்கி வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். முதலில் ஒன்று செய்யுங்கள். விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதுவதை நிறுத்துங்கள். அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மோட்டாருக்கு ஸ்டாம்பிங் அடிக்கும் ஒரு ஜாப் ஆர்டர் பட்டறையில் அப்போது நான் சூப்பர்வைசர். தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த பையன் ஒருவன் இரவு ஷிஃப்டில், பெடலை மிதித்தால் இறங்கித் தகட்டை வெட்டும் பவர் பிரஸ்ஸில் இருந்தான். விடியற்காலையில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. துணியைச் சுற்றி வண்டியில் ஏற்றும்போது அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "அண்ணா, நான் ஒருமுறைதானுங்க மிதித்தேன்." தூக்கக் கலக்கத்தில் மறுபடி பெடலை மிதித்திருப்பான் என்றார் முதலாளி. நானும் அப்படியே நம்பி எழுதினேன்.

மூன்றாம் நாள் அதே பிரஸ்ஸில் வேறொருவர் உட்கார்ந்தார். ஒரு மிதிக்கு ராம், அதாவது மேலிருந்து இறங்கித் தகட்டை அடிக்கும் பாகம், இரண்டு முறை இறங்கியது. அவர் கை அந்த நேரம் தகட்டை எடுக்கப் பக்கவாட்டில் போயிருந்ததால் தப்பினார். மோட்டாரின் சுழற்சியை ராமோடு இணைக்கும் கிளட்ச்சைப் பிரித்தோம். பெடலை விட்டதும் கிளட்ச்சின் பிடி விடும்படி செய்ய வேண்டிய ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது. உடைந்த முகத்தில் பாதி துருவேறிக் கறுத்திருந்தது, மீதிப் பாதி புதிதாகப் பளபளத்தது. இரும்போடு பழகியவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. விரிசல் விட்டு எத்தனையோ வாரங்கள் ஆகியிருக்கின்றன, யாரும் திறந்து பார்க்கவில்லை. திறந்து பார்க்க வேண்டியவன் நான். பதிவேட்டில் மட்டும் அந்தப் பையனின் கவனக்குறைவு என்று இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு "கிளட்ச் ஸ்பிரிங் முறிவு, பரிசோதனை இல்லை" என்று எழுதக் கேட்டபோது எனக்கும் முதலாளிக்கும் பெரிய வாக்குவாதமே நடந்தது.

இந்தச் சொல்லை ஏன் இவ்வளவு வெறுக்கிறேன் என்றால், அதை எழுதியவுடன் தேடல் நின்றுவிடுகிறது. காரணம் ஆளிடம் இருக்கிறது என்றால் மெஷினை ஏன் பிரிப்பார்கள்?

நம் பக்கத்துச் சிறு பட்டறைகளில் பழைய கீ கிளட்ச் பிரஸ்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் கிளட்ச் ஒருமுறை பிடித்துவிட்டால், ஒரு முழுச் சுற்று முடியும்வரை ராமை நடுவில் நிறுத்த வழியில்லை. ஆகவே கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் ஒளித்திரை சென்சாரை இந்த வகைப் பிரஸ்ஸில் மாட்டினால் பணம்தான் வீண். சென்சார் கையைப் பார்க்கும், ஆனால் பிரஸ் நிற்காது. உங்களிடம் இந்த வகை இருந்தால், விரல் நுழையவே முடியாதபடி, தகட்டை வெட்டும் அச்சான டையைச் சுற்றிக் கம்பிக் கூண்டு அடியுங்கள். தகட்டை வைக்கவும் எடுக்கவும் நீண்ட இடுக்கியோ காந்தக் குச்சியோ கொடுங்கள். ஷிஃப்ட் தொடங்கும்போது கிளட்ச்சையும் பிரேக்கையும் பார்த்து, பார்த்தவர் பெயரை எழுத வையுங்கள்.

கூண்டு அடித்தாலும் கழற்றிவிடுகிறார்கள் என்பீர்கள். உண்மைதான். நான் பிறகு சேர்ந்த இடத்தில் இரண்டு கைகளாலும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும்படி இரட்டைப் பொத்தான் வைத்தோம். ஒரு வாரத்தில் ஒரு பொத்தானில் அட்டையை மடித்துச் செருகி, ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். திட்டிப் பார்த்தோம், அபராதம் போட்டோம். கடைசியில் ஒரு மூத்த ஆபரேட்டரின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். அவருக்குப் பீஸ் ரேட். அடித்த தகட்டைக் கையால் எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி இரண்டு கையையும் பொத்தானுக்குக் கொண்டுவந்தால் எண்ணிக்கை குறைகிறது, சனிக்கிழமைச் சம்பளம் குறைகிறது. விரலுக்கும் வீட்டு வாடகைக்கும் நடுவே அவரை நிறுத்தியது நாங்கள். தகடு தானாகச் சறுக்கி விழும்படி ஒரு சரிவுத் தகரம் வைத்தோம், பழகும்வரை இரண்டு வாரம் நாள் கூலி கொடுத்தோம். எண்ணிக்கை பழையபடி வந்துவிட்டது. அட்டையை அவரே எடுத்துக் குப்பையில் போட்டார்.

கையுறை போடுவதில்லை என்ற வருத்தம் உங்களுக்கு. எங்கே போடச் சொல்கிறீர்கள் என்பது முக்கியம். டிரில்லிங் மெஷினிலும் லேத்திலும் கையுறை கூடவே கூடாது. சுழலும் டிரில்லில் நூல் சிக்கினால் கையையே இழுத்துவிடும். தகட்டைத் தூக்குபவருக்கு அதே கையுறை கட்டாயம் வேண்டும். எல்லோருக்கும் ஒரே உத்தரவு போட்டால், தவறான உத்தரவு என்று தெரிந்தவர்கள் சரியானதையும் மதிக்க மாட்டார்கள்.

பழுது பார்க்கும்போது மெயின் சுவிட்ச்சுக்குப் பூட்டுப் போடுங்கள், சாவி பழுது பார்ப்பவரின் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். "ஆள் வேலை செய்கிறார்" என்ற அட்டையை மட்டும் நம்பாதீர்கள். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது மோட்டார் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. தோட்டத்துப் பம்புசெட்டுக்கு ஆட்டோ ஸ்டார்ட் வைத்துப் பழகிய நாம் பட்டறையிலும் அதையே செய்துவிடுகிறோம். கரண்ட் இல்லாத நேரத்தில்தானே மெஷினுக்குள் கையை விட்டுத் துடைக்கிறார்கள்?

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபவுண்டரி மணலின் நுண்தூசி நுரையீரலில் தங்கினால் வருவது சிலிகோசிஸ், வந்தபின் குணப்படுத்த முடியாது. பஞ்சாலைத் தூசியால் வருவது பைசினோசிஸ், விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் நாளில் நெஞ்சை இறுக்கும். இரண்டுமே 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருந்தவை. முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்த நுண்தூசியைத் தடுக்காது. காய்ந்த மணலைப் பெருக்காமல் நனைத்து அள்ளுங்கள். வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதிக்கொள்ளும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

உங்கள் 60 பேரில் பீகார், ஒடிசாக்காரர்கள் எத்தனை பேர்? தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய சுவர் வாசகம் அவர்களுக்கு வெறும் பெயின்ட். அவர்களில் மூத்த ஒருவரை வைத்து, அவர்கள் மொழியில், மெஷின் முன்னால் நின்று சொல்லிக் கொடுங்கள். சுழலும் பாகங்களுக்கு மறைப்பு வேண்டும் என்று அந்த 1948-ம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1987-ல் அதைத் திருத்தியபோது, தன் வேலையிலுள்ள ஆபத்து பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையையும் தொழிலாளிக்குக் கொடுத்தார்கள். புரியாத மொழியில் சொன்னால் அந்த உரிமைக்கு என்ன பொருள்?

அடிபட்டவரைச் சத்தமில்லாமல் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் செலவைக் கொடுத்து முடித்துவிடும் வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் விபத்து அறிக்கை போனால்தான் நிரந்தர ஊனத்துக்கான மாத உதவித்தொகையை அவர் சிக்கலின்றிக் கேட்க முடியும். இன்று நீங்கள் கட்டும் பில், விரல் இல்லாமல் அவர் வாழப்போகும் நாற்பது ஆண்டுகளுக்கு வராது.

எங்கள் ஃபவுண்டரியில் சனிக்கிழமை சம்பளம் கொடுப்பதற்கு முன் டீயோடு பத்து நிமிடம் உட்காருகிறோம். "இந்த வாரம் எங்கே கை தப்பியது?" என்பது மட்டும்தான் கேள்வி. பேர் எழுதுவதில்லை, யாரையும் திட்டுவதில்லை. முதல் இரண்டு மாதம் யாரும் வாயே திறக்கவில்லை. பிறகு ஒருவர் கிரைண்டர் கல்லில் முடி போல ஒரு கோடு தெரிகிறது என்றார். அன்றே கழற்றினோம். தட்டிப் பார்த்தால் கணீரென்று ஒலிக்க வேண்டிய கல், விரிசல் விட்டிருந்ததால் மந்தமாகச் சத்தம் கொடுத்தது.

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் கழுவித் துடைப்போம் இல்லையா? மறைப்புகளைக் கழற்றுவதும், திரும்ப மாட்டாமல் மூலையில் சாய்த்து வைப்பதும் பெரும்பாலும் அன்றுதான். எங்களிடம் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. மறைப்பின் கடைசி போல்ட்டை முறுக்கிய பிறகுதான் அந்த மெஷினுக்குச் சந்தனம், குங்குமம். போன முறை ஒரு லேத்துக்கு ஒரு போல்ட் கிடைக்கவில்லை. பூசாரியைக் காக்க வைத்துவிட்டு, பையன் ஒருவனைக் கடைக்கு அனுப்பி வாங்கிவரச் செய்தோம்.