எப்போதும் வடக்கையே பார்க்கும் அடுப்பு பிளாக்

வணக்கம். மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பில் நீங்கள் நிரல் எழுதி உருவாக்கிய அடுப்பு பிளாக் (கட்டம்), எங்கு நின்று வைத்தாலும் வடக்கு நோக்கியே அமர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நிரலில் கை வைப்பதற்கு முன், எஃப்3 விசையை அழுத்தி, வைத்த பிளாக்கை நேராகப் பாருங்கள். திரையின் வலப்பக்கத்தில் அதன் 'ஃபேசிங்' மதிப்பு, அதாவது அதன் முகப்பு நோக்கும் திசை, தெரியும்.

நீங்கள் நிற்கும் இடத்துக்கேற்ப அம்மதிப்பு மாறவில்லையெனில், பிளாக் வைக்கப்படும் கணத்தில் அதன் நிலையைத் தீர்மானிக்கும் மெத்தடை (ஜாவா நிரலின் ஒரு செயல்பகுதியை) நீங்கள் எழுதவில்லை என்று பொருள். அங்கே ஆட்டக்காரர் பார்க்கும் திசைக்கு நேர் எதிர்த்திசையைத் தர வேண்டும், இல்லாவிட்டால் அடுப்பு உங்களுக்கு முதுகைத்தான் காட்டும். மதிப்பு சரியாக மாறியும் உருவம் திரும்பவில்லையெனில், பிழை பிளாக்ஸ்டேட் ஜேசன் கோப்பில் உள்ளது; எந்த நிலைக்கு எந்த மாடலை (பிளாக்கின் உருவத்தை) எப்படித் திருப்பிக் காட்டுவது என்று சொல்லும் கோப்பு அது. மாடலின் முகப்பு வடக்குப் பக்கத்தில் இருந்தால், ஒய் சுழற்சி, அதாவது செங்குத்து அச்சைச் சுற்றிய திருப்பம், கிழக்குக்கு 90 பாகை, தெற்குக்கு 180, மேற்குக்கு 270. நான் முதன்முறை 90-ஐயும் 270-ஐயும் இடம் மாற்றி எழுதிவிட்டு, ஒரு மாலை முழுவதும் ஜாவா நிரலைக் குடைந்துகொண்டிருந்தேன்.