கருப்பா, மஞ்சளா? செம்பருத்தியில் வந்து போகும் பறவை எது?

கேள்வி: காலை நடைக்குப் போகும் வழியில், செம்பருத்தியிலும் இட்லிப்பூவிலும் ஒரு குட்டிப் பறவை தேன் குடிக்கிறது. சில நாள் கருப்பாகத் தெரிகிறது. சில நாள் மஞ்சளாக, தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கருங்கோட்டோடு இருக்கிறது. நின்று பார்ப்பதற்குள் பறந்துவிடுகிறது. இது ஹம்மிங்பேர்டா? சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் நெருங்கி வருமா?

பதில்: ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. உங்கள் செம்பருத்திக்கு வருவது தேன்சிட்டு. ஹம்மிங்பேர்டு அந்தரத்தில் நின்றே குடிக்கும். தேன்சிட்டும் சில நொடி அப்படிச் சிறகடிக்கும் என்றாலும், பெரும்பாலும் காம்பைப் பற்றி உட்கார்ந்தோ தலைகீழாகத் தொங்கியோதான் குடிக்கும்.

அந்தக் கருங்கோடு நல்ல தடயம். அநேகமாக அது ஊதாத் தேன்சிட்டின் ஆண். இனப்பெருக்கக் காலத்தில் உடல் முழுக்க மின்னும் கருநீலமாக இருக்கும் ஆண், அது முடிந்ததும் பெட்டையைப் போல மஞ்சளுக்கு மாறும். நடுவில் அந்தக் கோடு மட்டும் மிஞ்சும். ஆகவே நீங்கள் இருவேறு நாளில் பார்த்தது ஒரே இனமாக இருக்கலாம். நம் தோட்டங்களில் இதே அளவுக்குச் சாதாரணமான ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் ஆண் இப்படி உடை மாற்றுவதில்லை. அதன் வயிறு எப்போதும் மஞ்சள், மார்பில் அரக்குப் பட்டை. பெட்டைகளைப் பிரிக்கத் தொண்டையைப் பாருங்கள்: வெளிறிய சாம்பல் என்றால் ஊதாப்பிட்டு, தொண்டையிலேயே மஞ்சள் தொடங்கினால் ஊதா. அலகு அரிவாள்போல நீண்டு வளைந்து, வயிறு மங்கிய பழுப்பாக இருந்தால் அது லோட்டன் தேன்சிட்டின் ஆண். 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டனின் பெயர் அது.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். அந்தப் பளபளப்பு சாயத்தால் வருவதல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி படும் கோணத்தால் வருவது. வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் எல்லா ஆணும் கருப்புதான். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். அதே பறவை நீலமும் பச்சையுமாக மின்னும்.

அடுத்தது, நடையை நிறுத்துவது. இதைச் சொன்னால் நடைப்பயிற்சிக்காரர்களுக்குக் கோபம் வரும், இருந்தாலும் வேறு வழியில்லை. பறவையைத் துரத்தாதீர்கள், பூவைத் தேர்ந்தெடுத்துக் காத்திருங்கள். குடித்து முடித்த பூவில் தேன் மறுபடி ஊற நேரம் வேண்டும் என்பதால், தேன்சிட்டு பூவுக்குப் பூ சுற்றிவிட்டு அதே செடிக்குத் திரும்பி வரும். சற்றுத் தள்ளி அசையாமல் பத்து நிமிடம் நின்றால் போதும். பைனாகுலர் வாங்குவதானால் எட்டு மடங்கு பெருக்கம் தாராளம். இரண்டு மூன்று மீட்டர் தொலைவிலும் தெளிவாகக் காட்டுகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள்.

செம்பருத்தியில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். தேன்சிட்டு பூவின் வாய் வழியாகப் போகாமல், அடியில் அலகால் துளையிட்டுத் தேனை உறிஞ்சிவிடும். மகரந்தம் தொடாமல் கிடைக்கும் இலவசச் சாப்பாடு அது.

சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். நம் வெயிலில் சீக்கிரம் புளிக்கும், பாத்திரத்தில் பூஞ்சை பிடிக்கும், எறும்பும் மொய்க்கும். அதற்குப் பதிலாக இட்லிப்பூ, மாதுளை, முருங்கை, வாழை என்று ஏதாவது ஒன்று ஆண்டு முழுக்கப் பூத்துக்கொண்டிருக்கட்டும். பூச்சிமருந்து அடிக்காதீர்கள்; குஞ்சுகளுக்குத் தேனைவிடப் பூச்சியும் சிலந்தியும்தான் முக்கிய உணவு.

காகிதப்பூக் கொடியிலோ கொடிக்கம்பியிலோ ஒட்டடையும் சருகும் சேர்ந்து தொங்கும் குப்பை போல ஏதாவது தெரிந்தால், இழுத்துப் போடுவதற்கு முன் பக்கவாட்டில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கூடு. முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதுவரை துணியை வேறு இடத்தில் உலர்த்திக்கொள்ளுங்கள்.