எந்தச் சென்னை, எந்தப் பெங்களூரு?

கேள்வி: மக்கள்தொகையிலும் பொருளாதாரத்திலும் பெங்களூரு நம் சென்னையை முந்திவிட்டது என்கிறார்களே, உண்மையா? இனிச் சென்னை மீளுமா?
– வாசகர் ஒருவர், ஒசூர்.

பதில்: எந்தச் சென்னையைக் கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் ஒரு வரியில் பதில் எழுதியிருப்பேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் 46.46 லட்சம் பேர் இருந்தார்கள்; பெங்களூரு மாநகராட்சி எல்லைக்குள் 84 லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். இந்த இரண்டு எண்களையும் ஒரே அட்டவணையில் போட்டு, சென்னை பெங்களூருவில் பாதியாகச் சுருங்கிவிட்டது என்று முடிவுகட்டும் கட்டுரைகளுக்கு இந்தப் பக்கத்தில் பலமுறை மறுப்பு எழுதியிருக்கிறேன். இன்னும் அவை நின்றபாடில்லை. அந்தச் சென்னை 174 சதுர கிலோமீட்டர். அந்தப் பெங்களூரு, 2007-இல் சுற்றியிருந்த ஏழு நகராட்சிகளையும் ஒரு பேரூராட்சியையும் 110 கிராமங்களையும் சேர்த்துக்கொண்டு 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த மாநகராட்சி. சென்னை மாநகராட்சியும் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது, ஆனால் அது நடந்தது 2011 அக்டோபரில். கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாக வந்துபோனதோ அதே ஆண்டு பிப்ரவரியில். எட்டு மாத இடைவெளியால் அம்பத்தூரும் ஆலந்தூரும் திருவொற்றியூரும் அந்த அட்டவணையில் சென்னைக்கு வெளியே நின்றுவிட்டன.

நிர்வாக எல்லையை விட்டுவிட்டு, இடைவெளியின்றிக் கட்டடங்கள் தொடரும் பகுதி முழுவதையும் சேர்த்து எண்ணும் நகரத் தொகுதிக் கணக்கைப் பார்த்தால் படம் மாறுகிறது. 2001-இல் சென்னை 65.6 லட்சம், பெங்களூரு 57 லட்சம். 2011-இல் சென்னை 86.5 லட்சம், பெங்களூரு 85.2 லட்சம். பத்தாண்டுகளில் சென்னை 32 விழுக்காடு வளர்ந்தபோது பெங்களூரு 49 விழுக்காடு வளர்ந்தது. அந்த வேகம் குறையவில்லை என்றால் பெங்களூரு நம்மைக் கடந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும், ஐ.நா. மன்றத்தின் 2018-ஆம் ஆண்டு மதிப்பீடும் அப்படித்தான் சொன்னது. ஆகவே, வளர்ச்சி வேகத்தில் பெங்களூரு முந்துகிறது என்பது உண்மை. அதை மறைத்துச் சென்னைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

இந்த முந்துதல் நேற்று தொடங்கியதுமில்லை. 1901-இல் சென்னையில் ஐந்து லட்சம் பேர் இருந்தபோது பெங்களூருவில் ஒன்றரை லட்சத்தைச் சற்றே தாண்டியவர்கள்தாம் இருந்தார்கள். 1941-இல் நாலு லட்சமாக இருந்த பெங்களூரு, 1951-இல் ஏறத்தாழ எட்டு லட்சமானது. அந்தப் பத்தாண்டுகளில்தான் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும் தொலைபேசித் தொழிற்சாலையும் அங்கே எழுந்தன. அடுத்த சில ஆண்டுகளில் எச்.எம்.டி.யும் பாரத் எலக்ட்ரானிக்ஸும் வந்தன. மென்பொருள் வந்ததால்தான் பெங்களூரு வளர்ந்தது என்று சொல்பவர்கள் இந்த அரைநூற்றாண்டை விட்டுவிடுகிறார்கள். 1985-இல் அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அங்கே அலுவலகம் திறந்தபோது, எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த பொறியாளர்களும் தேர்ந்த தொழிலாளர்களும் நிறைந்த நகரம் ஏற்கெனவே அங்கே இருந்தது.

பொருளாதாரத்துக்கு வருகிறேன். இந்தியாவில் எந்தப் பெருநகரத்துக்கும் அதிகாரப்பூர்வமான மொத்த உற்பத்திக் கணக்கு கிடையாது. மாநிலப் புள்ளியியல் துறைகள் மாவட்டவாரியாகப் பிரித்துச் சொல்வது மட்டுமே உண்டு; பெருநகரங்களின் மொத்த உற்பத்தி என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்கள் யாவும் யாரோ ஒரு நிறுவனத்தின் மதிப்பீடுகள். மாவட்டக் கணக்கையே எடுத்துக்கொண்டால், கர்நாடகத்தின் மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெங்களூரு நகர மாவட்டம் ஒன்றிலிருந்தே வருகிறது. சென்னை மாவட்டத்தின் கணக்கில் அத்தகைய எண் வராது. காரணம் எளியது: ஹூண்டாய் இருப்பது இருங்காட்டுக்கோட்டையில், ரெனோ நிசான் ஆலை எழுந்தது ஒரகடத்தில், இரண்டும் காஞ்சிபுரம் மாவட்டம். ஃபோர்டு ஆலை எழுந்த மறைமலைநகர் செங்கல்பட்டு மாவட்டம். கார் உற்பத்தியால் உலகப் புகழ்பெற்ற சென்னை, தன் மாவட்ட எல்லைக்குள் ஒரு கார் தொழிற்சாலைகூட இல்லாத ஊர்.

இங்கேதான் எனக்குப் பல காலமாகப் பிடிக்காத ஒரு பட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சென்னையை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று அமைச்சர்களும் தொழிலதிபர்களும் மேடைதோறும் பெருமையோடு அழைக்கிறார்கள். அமெரிக்காவின் கார் நகரமான அந்த டெட்ராய்டின் கதையை அவர்கள் படித்திருக்க வேண்டும். 1950-இல் டெட்ராய்ட் நகரில் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள், 2010-இல் 7.14 லட்சம் பேரே எஞ்சினார்கள். 2013 ஜூலையில் அந்த நகராட்சி திவாலானதாக நீதிமன்றத்தில் மனு கொடுத்தது. ஆனால் அதே 2010-இல் டெட்ராய்ட் பெருநகரப் பகுதி முழுவதிலும் ஏறத்தாழ 43 லட்சம் பேர் இருந்தார்கள். மக்கள் அந்த வட்டாரத்தை விட்டே ஓடிவிடவில்லை. பெரும்பாலோர் நகராட்சி எல்லைக்கு அப்பால் குடிபோனார்கள், அவர்களோடு வரி வருமானமும் போனது. எல்லைக்கு உள்ளே இருந்த ஏழைகளுக்குத் தெருவிளக்கு எரிக்கவும் நகராட்சியிடம் பணமில்லாமல் போனது. பெருநகரம் நன்றாக இருக்கும்போதே அதன் நடுவிலுள்ள நகரம் நொடித்துப்போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அந்தப் பெயரை நாம் பட்டமாகச் சூடிக்கொள்வது எனக்கு வேதனை தருகிறது.

எல்லைக்கோடு மனிதர்களை எப்படிப் பாதிக்கும் என்பதற்குப் பெங்களூருவே இன்னொரு சான்று. 2007-இல் மாநகராட்சியில் சேர்க்கப்பட்ட அந்த 110 கிராமங்களுக்காகக் கொண்டுவரப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பதினேழு ஆண்டுகள். அதற்கு முந்தைய கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வறண்டபோது, லாரித் தண்ணீருக்குக் கேட்ட விலையைக் கொடுத்தவர்கள் அந்தப் புறநகரவாசிகள்தாம். மக்கள்தொகை எண்ணில் அவர்களைச் சேர்த்துக்கொள்ள ஒரே நாள் போதுமானதாக இருந்தது. நம் பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்ககங்களில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நீங்கள் ஒசூரிலிருந்து கேட்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் ஊர் பெங்களூருவிலிருந்து 40 கிலோமீட்டர். டைட்டன் கைக்கடிகாரத்தின் முதல் தொழிற்சாலை உங்கள் ஊரில், அதன் தலைமையகம் பெங்களூருவில். காலையில் அத்திப்பள்ளி சோதனைச்சாவடியில் இரு திசையிலும் நிற்கும் கம்பெனி பேருந்துகளைப் பார்த்தால், அங்கே ஒரே நகரம்தான் இருக்கிறது என்று குழந்தைக்கும் புரியும். ஆனால் கணக்கெடுப்பின் நகரத் தொகுதி மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. நொய்டாவும் குருகிராமும் தில்லித் தொகுதியில் சேராததும் இதனால்தான். ஆகவே பெங்களூரு என்று அச்சிடப்படும் எண் பெங்களூருவுக்கும் குறைவானது, அதில் விட்டுப்போனவர்களில் நீங்களும் ஒருவர். 'நம் சென்னை' என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் பெங்களூருவின் வளர்ச்சி உங்கள் ஊருக்குத் தோல்வியாக முடியவில்லை என்பதை உங்கள் ஊரின் வீட்டு வாடகையே சொல்லும்.

சென்னை மீளுமா என்ற உங்கள் கவலைக்கும் இதிலேயே பாதி விடை உண்டு. 2011-இல் கர்நாடகத்தின் இரண்டாவது பெரிய நகரத் தொகுதியான மைசூருவில் பத்து லட்சம் பேர்கூட இல்லை. தமிழ்நாட்டின் இரண்டாவதான கோயம்புத்தூரில் 21 லட்சம் பேர், மதுரையில் 14.6 லட்சம், திருச்சியில் பத்து லட்சம், திருப்பூரிலும் சேலத்திலும் ஒன்பது லட்சத்துக்கு மேல். வேலை தேடிக் கிளம்பும் ஒரு ராய்ச்சூர் இளைஞருக்குப் பெங்களூருவை விட்டால் மாநிலத்துக்குள் வேறு பெரிய நகரம் இல்லை. ஒரு தேனி இளைஞருக்கு மூன்று நான்கு ஊர்கள் உண்டு. சென்னை மெதுவாக வளர்ந்ததன் ஒரு பகுதி இதுதான், இதைத் தமிழ்நாட்டின் பலமாகவே நான் பார்க்கிறேன். மாநில மொத்த உற்பத்தியில் தமிழ்நாடு கர்நாடகத்தைவிடச் சற்றுப் பெரியது. தலைக்கு வருமானத்தில் கர்நாடகம் சற்று மேலே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் உண்மையில் கவலைப்படுவது அடுத்த கணக்கெடுப்பைப் பற்றி. 2021-இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு நடக்கவிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு ஷிப்ட் முடிந்து இன்னொரு ஷிப்ட் கிளம்பும் நேரத்தில் அங்கே திரள்வது ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை. இவர்கள் எந்த நகரத்தில் எண்ணப்படுவார்கள்? நகராட்சி, பேரூராட்சி இல்லாத ஓர் ஊரை நகரமாகக் கொள்ள, 2011 வரை கடைப்பிடித்த அளவுகோல் மூன்று: 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முதன்மைத் தொழிலாளர்களான ஆண்களில் 75 விழுக்காட்டினர் விவசாயம் அல்லாத தொழிலில் இருப்பது. ஆண்களில் மட்டும்! கைபேசி செய்யும் பதினெட்டாயிரம் பெண்கள் வந்து குடியிருந்தாலும், ஓர் ஊரின் தொழில் எது என்று தீர்மானிக்கும் அந்தக் கணக்கில் அவர்களுக்கு இடமில்லை. போதாததற்கு, 2011-இல் இந்த முடிவு கணக்கெடுப்புக்கு முன்பே, 2001-ஆம் ஆண்டு விவரங்களை வைத்து எடுக்கப்பட்டது. அதே முறையைத் தொடர்ந்தால் 2027-க்கு 2011-இன் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம்தான் கிடைக்கும்.

சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் உள்ளே கொண்டுவரும் இந்த விரிவை நான் வரவேற்றேன். ஆனால் ஏரிகளும் நெல்வயல்களும் அடங்கிய அந்தப் பரப்பு முழுவதையும் நகரம் என்று காட்டி, அடுத்த அட்டவணையில் பெங்களூருவை நாம் 'முந்திவிட்டதாக' யாரேனும் எழுதினால், அதையும் இதே பக்கத்தில் மறுப்பேன். ஐ.நா. 2025-இல் தன் வரையறையை மாற்றியதும், உலகின் முதல் நகரமாக இருந்த டோக்கியோ மூன்றாம் இடத்துக்கு வந்து ஜகார்த்தா முதலிடம் பெற்றது. இரண்டு ஊர்களிலும் யாரும் வீடு மாறவில்லை.

செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) குடியிருந்து வேலைக்குப் போவோரில் நாலில் ஒருவர் பெருநகரத்தின் மையப் பகுதிக்கு வேலைக்குப் போனால், அந்தக் கவுண்டி அந்தப் பெருநகரத்தைச் சேர்ந்தது என்று கொள்கிறார்கள். நம் 2011 கணக்கெடுப்பிலும், விவசாயம், வீட்டுத்தொழில் அல்லாத வேலைக்குச் செல்வோரிடம் எவ்வளவு தூரம், எந்த வாகனத்தில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். 'எந்த ஊருக்கு' என்பதையும் சேர்த்துக் கேட்டு, மாநில எல்லை பார்க்காமல் வெளியிட்டால், ஒசூர் யாருடையது, வல்லம் வடகால் யாருடையது என்பதை அந்த ஊர்க்காரர்களின் பேருந்துப் பயணமே சொல்லிவிடும். சென்னை, பெங்களூரு ஒப்பீட்டை அந்த விவரம் வந்த பிறகு என்னிடம் கேளுங்கள். அதுவரை நான் உறுதியாகச் சொல்லக்கூடியது 2011-இன் 86.5 லட்சமும் 85.2 லட்சமும்தான்.