இங்க்ஜெட் மை பாலிமருக்குக் காப்புரிமை: 'இது யாருக்கும் தோன்றுமே' என்ற வாதம் எப்போது ஜெயிக்கும்?

பாலிமரும் (சங்கிலி போன்ற நீண்ட மூலக்கூறு) தெரிந்தது, நிறமியும் தெரிந்தது. இரண்டையும் மையில் சேர்த்ததற்கு ஏன் காப்புரிமை என்று கேட்டிருக்கிறீர்கள். மை ஆய்வகத்தில் சில வருடம் இருந்தவன், அந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

நிறமி தண்ணீரில் கரையாது. 100 நானோமீட்டர் அளவுக்கு அரைத்தாலும், சும்மா விட்டால் துகள்கள் திரண்டு அச்சுப்பொறியின் நாசிலை, அதாவது மை பீய்ச்சும் துளையை, அடைத்துவிடும். அதைத் தடுப்பதுதான் டிஸ்பர்சன்ட் பாலிமரின் வேலை. அதன் ஒரு பகுதி நிறமியைப் பற்றிக்கொள்ளும், மற்றது தண்ணீருக்குள் நீண்டு நின்று துகள்களை விலக்கி வைக்கும்.

ஒரு முறை அதே கறுப்பு நிறமி, அதே பாலிமர். கூடச் சேர்க்கும் கரைப்பானை மட்டும் மாற்றினோம். 60 டிகிரியில் ஒரு வாரம் வைத்த குப்பியைச் சாய்த்தால், மேலே வெளிறிய தண்ணீர், அடியில் களிம்பு. கரைப்பான் பாலிமரை நிறமியிலிருந்து கழற்றிவிட்டிருந்தது. இதை எங்களில் ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அதனால்தான் 1992-இல் டூபாண்ட் என்ற வேதிப்பொருள் நிறுவனம் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையை நான் மதிக்கிறேன். பாலிமர் சங்கிலியில் நீரை விரும்பும் கண்ணிகளையும் விரும்பாதவற்றையும் கலந்துகட்டியாகக் கோக்காமல், தனித்தனித் துண்டுகளாகக் கோத்த பாலிமரை இங்க்ஜெட் மைக்குக் கொண்டுவந்தார்கள்.

சண்டை பெரும்பாலும் எண்களில்தான் வரும். பாலிமரின் அமில எண் (அதில் எவ்வளவு அமிலப் பகுதி இருக்கிறது என்பதன் அளவு) இத்தனை முதல் இத்தனை வரை, மூலக்கூறு எடை இவ்வளவு என்று எழுதிவிட்டு உரிமை கேட்பார்கள். ஏற்கெனவே வெளியான பழைய ஆவணத்தில் இருக்கும் வரம்பும் இதுவும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் நிலைமை கஷ்டம். 2003-இல் அமெரிக்காவின் பீட்டர்சன் வழக்கில், பழைய ஆவணம் ரீனியம் என்ற உலோகம் 0 முதல் 7 சதவீதம் என்றது. விண்ணப்பதாரர் சுமார் 1 முதல் 3 கேட்டார். கிடைக்கவில்லை. அது உலோகக் கலவை வழக்கு, ஆனால் மைக்கும் அதே அளவுகோல்தான். 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேஎஸ்ஆர் வழக்கில், தெரிந்தவற்றைச் சேர்த்து எதிர்பார்த்த பலன் மட்டும் வந்தால் அது எளிதில் தோன்றக்கூடியது, காப்புரிமைக்கு ஆகாது என்ற பக்கம் இன்னும் சாய்ந்தது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

அப்புறம் தப்பிக்க என்ன வழி? எதிர்பாராத பலனைக் காட்ட வேண்டும், அதுவும் மிக நெருங்கிய பழைய மையோடு ஒப்பிட்டு. ஒரே ஒரு பாலிமரைச் சோதித்துவிட்டு அக்ரிலிக் பாலிமர் குடும்பம் முழுவதையும் கேட்டால் அந்தத் தரவு தாங்காது. அடுத்த முறை இப்படி ஒரு காப்புரிமை கையில் கிடைத்தால், உரிமைக்கோரல்களை வாசித்த கையோடு ஒப்பீட்டு எடுத்துக்காட்டுகளின் அட்டவணைக்குப் போங்கள். எதிரே வைத்த மை உண்மையிலேயே நல்ல மையா என்று பாருங்கள்.