பம்ப் பழுது: ஆங்கிலத்தில் எப்படி முறையிடுவது?

கேள்வி: கச்சான் தோட்டத்துக்கு ஏப்ரல் 10ஆம் திகதி வாங்கிய தண்ணீர்ப் பம்ப் மே 20இல் நின்றுபோனது. ஒரு வருட வாரண்டி இருக்கிறது. கொழும்பில் உள்ள நிறுவனம் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்கிறது. இப்படி எழுதியிருக்கிறேன், சரியா? ‘யூ சீட்டட் மீ. ஐ ஹாவ் பாட் த பம்ப் ஒன் 10 ஏப்ரல். இட் இஸ் நாட் வேர்க்கிங் சின்ஸ் 20 மே. கைண்ட்லி டு த நீட்ஃபுல்.’
– தோட்டக்காரர், ஒட்டுசுட்டான்

பதில்: முதலில் அந்த ‘சீட்டட்’டை வெட்டுங்கள். கோபம் நியாயம்தான், தண்ணீர் இல்லாமல் கச்சான் வாடும்போது யாருக்குத்தான் வராது, ஆனால் ஏமாற்றினார்கள் என்று எழுதினால் அவர்கள் அந்தச் சொல்லுக்கு மறுப்பு எழுதிவிட்டு பம்பை விட்டுவிடுவார்கள். ‘த பம்ப் ஸ்டொப்ட் வேர்க்கிங் ஒன் 20 மே’ என்று எழுதுங்கள், அதை யாரும் மறுக்க முடியாது.

அடுத்தது காலம். தமிழில் ‘பத்தாம் திகதி வாங்கியிருக்கிறேன்’ என்று தாராளமாகச் சொல்கிறோம், அந்தப் பழக்கத்தில்தான் ‘ஹாவ் பாட்’ வருகிறது. ஆங்கிலத்தில் நடந்து முடிந்த திகதியைச் சொன்னால் ஹாவ் வராது: ‘ஐ பாட் த பம்ப் ஒன் 10 ஏப்ரல்.’ ஆனால் அன்று தொடங்கி இன்றும் தீராமல் கிடக்கிறதே, அதற்குத்தான் ஹாவ், ஹாஸ் எல்லாம்: ‘இட் ஹாஸ் நாட் வேர்க்ட் சின்ஸ் 20 மே.’ முன்பே எழுதிப் பதில் வராவிட்டால் ‘ஐ ஹாவ் நாட் ரிசீவ்ட் எனி ரிப்ளை’ என்பதையும் சேருங்கள். உங்கள் முறைப்பாட்டின் பலமே இந்த இடம்தான், பிரச்சினை இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது என்று இது சொல்லிவிடுகிறது.

‘டு த நீட்ஃபுல்’ வேண்டவே வேண்டாம். எது தேவை என்பதை அவர்களே முடிவு செய்ய விடுகிறீர்கள். வேண்டியதை நேராகக் கேளுங்கள்: ‘ப்ளீஸ் ரிப்பேர் ஓர் ரிப்ளேஸ் த பம்ப் அண்டர் த வாரண்டி பை 30 ஜூன்.’ இதில் ‘பை’ என்றால் முப்பதுக்குள். ‘அன்டில்’ என்று போட்டால் முப்பது வரைக்கும் செய்துகொண்டே இருங்கள் என்றாகிவிடும்.

பில்லின் பிரதியை மட்டும் அனுப்புங்கள், மூலப்பிரதி உங்களிடமே இருக்கட்டும். பம்பின் சீரியல் இலக்கத்தையும் எழுதுங்கள்.

அப்புறமும் அசையவில்லையா, 1977க்கு அழையுங்கள், அது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம். அரச நிறுவனம் என்பதால் அங்கே தமிழிலேயே எழுதலாம், அது அரசியலமைப்பு உங்களுக்குத் தந்த உரிமை.